வரவு

இதை மலை என்று சொன்னால்
சேலத்துக்காரர்கள் சிரிப்பார்கள்.
கெடிலத்துக்குத் தெற்கே
எழுந்து நிற்கப் போய், எதற்கென்று மறந்து
பாதியில் உட்கார்ந்துவிட்ட செம்மண்.
கேப்பர் மலை.
மேலேறி நின்றால் சிப்காட் புகை,
அதற்குப் பின்னால் கடல்.

முப்பத்தொன்பது ஏக்கர் முந்திரிக்காடு எங்களுக்கு.
காடு என்றுதான் சொல்வோம்.
முந்திரியைத் தவிர வேறு செடி தலைகாட்டினால்
கொத்திப் போடுகிற இடத்துக்குக்
காடு என்று பேர்.

தானே புயல் கடந்த காலை
எத்தனை விழுந்தது என்று எழுத
கணக்குநோட்டோடு போனேன்.
நிற்பதை எண்ணுவது சுலபமாக இருந்தது.
நான்கு.

அண்ணன் சௌரிநாதன் தன் பங்கை மனை போட்டான்.
மஞ்சள் கல், நுழைவாயிலில் ஒரு வளைவு,
கடற்காற்று நகர்.
என் பங்குக்குச் சூளைக்காரன் லாரி வந்தது,
விழுந்த மரத்துக்கு டன் விலை பேசி.
அன்றைக்கு எனக்குக் கொள்கை ஒன்றும் கிடையாது.
விலை கட்டவில்லை, அனுப்பிவிட்டேன்.

கொள்கை பிறகுதான் வந்தது, நாற்றுப் பைகளோடு.
மூவாயிரம் குழி. டேங்கர் தண்ணீர்.
வீரை, கருங்காலி, உலக்கைப்பாலை என்று
ஒவ்வொன்றுக்கும் தகரத்தில் ஓர் எண்.
இரண்டு கோடை. ஏமாற்றிய ஓர் ஐப்பசி.
எண்கள் மட்டும் காற்றில் கிணுகிணுத்தன.

அஞ்சலாட்சிதான் கூப்பிட்டுக் காட்டினாள்,
நாங்கள் குழி வெட்டாத இடத்தை.
செத்த முந்திரியின் மல்லாந்த கிளை,
அதில் உட்கார்ந்து எச்சமிட்டுப் போன கொண்டைக்குருவி,
அடியில் முழங்கால் உயரத்துக்குக் காசா,
ஆடு எட்டாதபடி சுற்றிலும் சூரைமுள்.
"மரத்த வித்திருந்தா இது ஏதும்மா" என்றாள்.
சூளைக்காரன் டன்னுக்கு நூறு ஏற்றியிருந்தால்
விற்றிருப்பேன்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

இருபத்திரண்டு வருஷம் முந்திரி உடைத்தவள்.
கொட்டையெண்ணெய் தின்ற விரல்கள்.
ரேஷன் கடை இயந்திரத்தில் கட்டைவிரல் வைத்தால்
இப்படி ஓர் ஆளே இல்லை என்று சொல்லும்.
இப்போது விடிந்ததும் பாறைக்குப் போய்
மரநாய் கழித்ததைச் சல்லடையில் அலசுகிறாள்.
பனிச்சை பதினேழு. நாவல் ஆறு.
பேர் தெரியாதது ஒன்று,
அதற்குத் தனியே ஈரத்துணி.
நான் எழுதிக்கொள்கிறேன்.
கிலோ என்று இருந்ததை அடித்துவிட்டேன்.
அந்த இடத்தில் என்ன போடுவதென்று தெரியாமல்
இன்னும் காலியாகவே இருக்கிறது.

கடற்காற்று நகரில் இதுவரை மூன்று வீடு.
பாம்பு வருகிறது என்று மனு கொடுத்தார்கள்.
சாரை. அவர்கள் வளர்த்த எலிக்கு வந்தது.
அண்ணன் போனில் கத்தினான்.
அந்தப் பக்கம் அவன் கத்த
இந்தப் பக்கம் ஆறுமணிக்குருவி ஒன்று,
எங்கிருந்தோ அன்றைக்குத்தான் வந்து இறங்கியது,
சருகைப் புரட்டிக்கொண்டிருந்தது.
புரட்டச் சருகு இருந்தது.

தை மாதம் கொளஞ்சி
கையில் இறகோடு வந்து நின்றார்.
"ஒங்க காட்டு நரி எம் பொட்டக்கோழிய
இழுத்துக்கினு போயிடுச்சி."
என்னங்க, திரும்பச் சொல்லுங்க என்றேன்.
அவருக்குக் கோபம் வந்தது.
எனக்கு நரி இரண்டாவதாகத்தான் காதில் விழுந்தது.
கோழிக்கு முந்நூற்றைம்பது,
கூண்டுக்குக் கதவு போடத் தனியாக.
ராத்திரி நோட்டைத் திறந்து
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு வரவில் எழுதினேன்.

அதே வாரம் அஞ்சலாட்சி
கடையிலிருந்து வீட்டுக்குப் போகாமல்
நேராக மேட்டில் ஏறி வந்தாள்.
மூச்சு வாங்கியது.
கட்டைவிரலை என் கண்ணுக்கருகே நீட்டி
"பாருங்க" என்றாள்.
வெயிலில் இப்படியும் அப்படியுமாகத் திருப்பினோம்.
முதல் மழை ஓடிய செம்மண்போல
மெல்லிசாக, வளைந்து வளைந்து.

அரிசிமூட்டை இன்னும் அவள் தலைமேலேயே இருந்தது.